தொங்கிப்போன மணிக்கட்டு

கேள்வி: என் கணவர் தையல்காரர், வயது 41. பத்து நாட்களுக்கு முன் உறவினர் திருமணத்துக்குப் போனவர், வலது கையை நாற்காலியின் முதுகுக்குப் பின்னால் போட்டபடியே இரவு முழுவதும் உட்கார்ந்து தூங்கிவிட்டார். விடிந்து பார்த்தால் மணிக்கட்டு தொங்குகிறது, நிமிர்த்த முடியவில்லை. பக்கவாதம் என்று மாமியார் அழுகிறார். எண்ணெய் போட்டு உருவிவிட ஆள் அழைத்து வரப்போகிறாராம். என்ன செய்வது?
- ஒரு வாசகி, ஈரோடு

பதில்: பக்கவாதம் என்றால் பெரும்பாலும் முகம், பேச்சு, கால் என்று வேறு ஏதாவது ஒன்றும் சேர்ந்தே பாதிக்கப்படும். அபூர்வமாகக் கை மட்டும் விழுவதும் உண்டு. ஆகவே என் கடிதத்தை நம்பி வீட்டிலேயே இருந்துவிடாமல், ஒரு மருத்துவரிடம் உடனே காட்டுங்கள். நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால், இது ரேடியல் நரம்பு அழுந்தியதால் வந்தது என்றே தோன்றுகிறது.

கழுத்திலிருந்து புறப்பட்டு அக்குள் வழியாக வரும் இந்த நரம்பு, மேற்கை எலும்பின் பின்பக்கத்தை ஒட்டியபடியே சுற்றிக்கொண்டு வெளிப்புறம் வருகிறது. நாற்காலியின் விளிம்பு அழுத்தியது அந்த இடத்தைத்தான். ஒரு பக்கம் எலும்பு, மறுபக்கம் பிளாஸ்டிக். முழங்கையை நீட்டும் தசைக்கான கிளைகள் பெரும்பாலும் அதற்கு முன்பே பிரிந்துவிடுவதால் முழங்கை நீளும். மணிக்கட்டும் விரல்களும் நிமிராது. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே, புறங்கையில் மரத்திருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள்.

ஆங்கில மருத்துவர்கள் இதற்கு வைத்த செல்லப் பெயர் ‘சனிக்கிழமை இரவு வாதம்’. சாதாரணத் தூக்கத்தில் கை மரத்ததும் நாமே புரண்டு படுத்துவிடுவோம். குடித்தவருக்கு அந்த உணர்வு எட்டாது. கல்யாண வீட்டில் அன்றிரவு என்ன நடந்தது என்று நான் கேட்கவில்லை. மருத்துவர் கேட்பார், அவரிடம் உண்மையைச் சொல்லட்டும்.

பெரும்பாலும் இதில் நரம்பின் மேலுறைதான் நசுங்கியிருக்கும். உள்ளே இழை அறுந்திருக்காது. அப்படியானால் சில வாரங்களில், அதிகம் போனால் இரண்டு மூன்று மாதங்களில் கை தானே திரும்பிவிடும். இழையே அறுந்திருந்தால் அது நாளொன்றுக்கு ஏறத்தாழ 1 மில்லிமீட்டர்தான் வளரும். பல மாதங்கள் ஆகும். எது என்று காட்டும் நரம்பு, தசைப் பரிசோதனையை, கை விழுந்த நாளிலிருந்து மூன்று வாரம் கழித்துச் செய்தால்தான் தெளிவாகத் தெரியும். இன்றே எடுத்துவிட வேண்டும் என்று அவசரப்பட வேண்டாம். மூன்று மாதமாகியும் அசைவே இல்லையென்றால் நரம்பு அறுவை நிபுணரைப் பாருங்கள்.

இதற்கிடையே யாரும் சரியாகச் செய்யாத ஒன்று இருக்கிறது. உங்கள் மணிக்கட்டைக் கீழே மடித்து வைத்துக்கொண்டு முஷ்டியை இறுக்கிப் பாருங்கள், பலமே இருக்காது. உங்கள் கணவருக்கும் அதே கதைதான். பிடிக்கும் தசைகள் நன்றாகவே இருக்கின்றன, மணிக்கட்டுதான் காலை வாருகிறது. அதை நிமிர்த்திப் பிடிக்கும் ஸ்பிளின்ட் ஒன்றை வாங்கிக் கட்டிவிட்டால் பிடி ஓரளவு திரும்பும். விலையும் அதிகமில்லை. ஆனால் பலர் இதை விட்டுவிட்டு வைட்டமின் ஊசிக்கு அலைகிறார்கள்; ரத்தத்தில் குறைபாடு இல்லாதவருக்கு அந்த ஊசியால் இதில் பயனில்லை. தினமும் நான்கைந்து முறை இடது கையால் வலது விரல்களையும் மணிக்கட்டையும் முழுக்க நிமிர்த்தி மடக்கச் சொல்லுங்கள், மூட்டு இறுகாது.

மாமியார் எண்ணெயை மெல்லத் தடவட்டும், மனத்துக்கு ஆறுதல். நசுங்கிய நரம்பை அழுத்தி உருவுவது மட்டும் வேண்டவே வேண்டாம். மரத்த தோலில் வெந்நீர் ஒத்தடமும் கூடாது, வெந்துபோனாலும் தெரியாது.

முதலில் மணிக்கட்டு நிமிரும், பிறகு விரல்கள், கட்டைவிரல் கடைசியில். கத்தரிக்கோலை விரிப்பதற்குக் கட்டைவிரல்தான் வேண்டும். அதனால் வெட்டும் வேலையைக் கொஞ்ச காலம் வேறொருவரிடம் விட்டுவிட்டு, ஸ்பிளின்ட்டோடு இயந்திரத்தில் எவ்வளவு தைக்க முடிகிறது என்று பார்க்கட்டும்.