கியாரா: வெளிச்சமா, கருப்பா?

கேள்வி: மிலான் நகரில் வசிக்கிறோம். பிறக்கப்போகும் மகளுக்குக் ‘கியாரா’ என்று பெயர் வைக்க ஆசை. இணையத்தில் ஓர் இடத்தில் ‘வெளிச்சம்’ என்றும், இன்னோர் இடத்தில் ‘கருப்பு’ என்றும் பொருள் போட்டிருக்கிறார்கள். எது சரி? ஆங்கில எழுத்துகளில் எழுதும்போது ‘எச்’ அவசியமா?

பதில்: இரண்டு பொருளும் சரிதான். குழப்பம் என்னவென்றால், அவை இரண்டு தனித்தனிப் பெயர்களுக்கு உரியவை.

இத்தாலியப் பெயரின் தாய்ச்சொல், லத்தீனின் ‘கிளாரா’. ஒளி பொருந்தியவள், தெளிவானவள், புகழ் பெற்றவள் என்று பொருள். லத்தீனில் ‘க்ல’ என்று தொடங்கிய பல சொற்கள் இத்தாலியனில் ‘க்ய’ ஆகிவிட்டன. சாவிக்கு லத்தீனில் ‘கிளாவிஸ்’, இத்தாலியனில் ‘கியாவே’. அதே வழியில்தான் கிளாரா கியாராவானாள். நம் ஊர்க் கத்தோலிக்கக் குடும்பங்களின் கிளாரா பாட்டிகளுக்கும் உங்கள் மகளுக்கும் ஒரே பெயர்தான். மிலானில் நீங்கள் தினமும் கேட்கும் ‘கியாரோ’, அதாவது ‘தெளிவு, புரிந்தது’ என்பதும் இதே சொல்லின் ஆண்பால் வடிவம். முட்டையின் வெள்ளைக்கருவையும் ‘கியாரா’ என்பார்கள். சமையலறையில் காதில் விழுந்தால் பயப்பட வேண்டாம்.

பெயருக்குப் பெருமை சேர்த்தவர் அசிசி நகரின் புனித கிளாரா (1194–1253). கருவுற்றிருந்த தாய் சிலுவையின் முன் வேண்டியபோது, ‘உலகுக்கு ஒளி தரும் ஒளியைப் பெறுவாய்’ என்று குரல் கேட்டதாகவும், அதனாலேயே குழந்தைக்கு இப்பெயர் வைத்ததாகவும் மரபுக்கதை. 1255-இல் அவரைப் புனிதராக அறிவித்த திருத்தந்தையின் ஆணையே, பெயரை வைத்துச் சிலேடை ஆடித்தான் தொடங்குகிறது. 1958-இல் அவரைத் தொலைக்காட்சியின் பாதுகாவலராகவும் ஆக்கினார்கள். நோயில் படுத்திருந்தவர், தொலைவில் நடந்த கிறிஸ்துமஸ் இரவுத் திருப்பலியைத் தம் அறையிலிருந்தே கண்டாராம்!

‘கருப்பு’ எங்கிருந்து வந்தது? அயர்லாந்திலிருந்து. அங்கே ‘கீரா’ என்றொரு பெயர் உண்டு. கருமை என்று பொருள்படும் ‘கியர்’ என்ற சொல்லிலிருந்து பிறந்தது, கருங்கூந்தலாள் என்று கொள்ளலாம். அதை ஆங்கில எழுத்துகளில் சி, ஐ, ஏ, ஆர், ஏ என்று எழுதுகிறார்கள். உங்கள் பெயரில் ‘எச்’ ஒன்றுதான் கூடுதல். பெயர்ப் பட்டியல் தளங்கள் இரண்டையும் ஒரே மூட்டையில் கட்டிவிட்டன.

ஆகவே அந்த ‘எச்’சை விடவே கூடாது. அது இல்லாவிட்டால் இத்தாலியர் ‘சாரா’ என்று வாசிப்பார்கள். அது இருந்தால் நம் ஊரில் சிலர் ‘சியாரா’ என்பார்கள். இரண்டு முறை திருத்தினால் போதும். பிறப்புப் பதிவிலும் பாஸ்போர்ட்டிலும் எழுத்து மாறாமல் இருக்கட்டும். தமிழில் ‘கியாரா’ என்றே எழுதுங்கள். ‘க்யாரா’ உச்சரிப்புக்கு இன்னும் நெருக்கம்தான், ஆனால் புள்ளி வைத்த எழுத்தில் சொல்லைத் தொடங்குவது தமிழ் மரபன்று.

ஆகஸ்ட் 11 அன்று பக்கத்து வீட்டார் மகளை வாழ்த்தினால், பிறந்தநாளைத் தவறாக நினைத்துவிட்டார்கள் என்று எண்ணாதீர்கள். அது புனித கிளாராவின் திருநாள். அப்பெயர் கொண்டவர்களை அன்று வாழ்த்துவது அந்த ஊர் வழக்கம்.