இடக்கை கிட்டார், ஆறு கம்பி, ஒரே ஸ

கேள்வி: அக்கா, நான் தங்கச்சிமடம். சர்ச் கொயர்ல ரெண்டு வருஷமா கிட்டார் வாசிக்கிறேன், இடது கை. டாட்காட் (DADGAD) ட்யூனிங்ல மோட்ஸ், அதாவது மேற்கத்திய இசையோட ஏழு ஸ்கேல், கத்துக்கணும்னு ஆச. ஆனா கிடைக்கிற படம் பூராம் வலது கைக்காரங்களுக்கு, அதுவும் சாதா ட்யூனிங்குக்கு. கைக்கு ஒருக்கா, ட்யூனிங்குக்கு ஒருக்கான்னு மாத்தி மாத்தி தலையே சுத்துது. ஏழு மோடையும் எப்படி மனசுல ஏத்துறது?

பதில்: தம்பி, மொதல்ல அந்தப் படத்தையெல்லாம் மூடி வச்சுருங்க. டாட்காட்னா ஆறாவதான தடிக் கம்பியிலருந்து ஒண்ணாவதான மெல்லிசு வரைக்கும் டி ஏ டி ஜி ஏ டி, அதாவது சாதா ட்யூனிங்ல இருக்க ஆறாவது, ரெண்டாவது, ஒண்ணாவது மூணையும் ரெண்டு ஃபிரெட் (கழுத்துல குறுக்க இருக்க உலோகக் கட்டு) அளவு இறக்கணும், மத்த மூணும் அப்படியே இருக்கட்டும். இப்ப டி-ய ஸ-ன்னு வச்சுக்கிட்டு ஒவ்வொரு கம்பியா ஓப்பன்ல, அதாவது எந்த ஃபிரெட்டையும் அமுக்காம, தட்டிப் பாருங்க: ஸ ப ஸ ம ப ஸ. மடியில தம்புராவ வச்ச மாதிரி கேக்கும். 1960கள் தொடக்கத்துல டேவி கிரஹாம்ங்கற இங்கிலாந்து கிட்டார் கலைஞர் மொராக்கோ போனப்ப, அங்க ஊத்ங்கற அரபு நரம்பு வாத்தியம் வாசிக்கிறவங்களோட சேந்து வாசிக்கிறதுக்காக இந்த ட்யூனிங்குக்கு வந்தாருன்னு சொல்வாங்க. அந்த சுருதிக்காகவே பிறந்த ட்யூனிங்க, சாதா ட்யூனிங் படத்த வச்சு படிச்சா எப்படி ஏறும்?

ஏழு மோட்ல ஆறு நம்ம கர்நாடக இசையோட தாய் ராகப் பட்டியலான மேளகர்த்தாவுலயே இருக்கு. நாலாவது கம்பியில ஸ ரி க, மூணாவது ஓப்பன்ல ம, ரெண்டாவது கம்பியில ப த நி, ஒண்ணாவது ஓப்பன்ல மேல் ஸ, இவ்வளவுதான் வீடு. கரகரப்ரியாவுலருந்து ஆரம்பிங்க, அதான் டோரியன், 22வது மேளம். நாலாவதுல 0 2 3 (ஃபிரெட் நம்பர், 0ன்னா ஓப்பன்), மூணாவது ஓப்பன், ரெண்டாவதுல மறுபடியும் அதே 0 2 3, ஒண்ணாவது ஓப்பன். மேல் பாதியும் கீழ் பாதியும் ஒரே விரல் பாத்தீங்களா, எனக்கு இது புரிஞ்ச அன்னிக்கு ராத்திரி தூக்கமே வரல.

இனிமே ஒவ்வொரு தடவையும் ஒரு விரல மட்டும் நகத்துங்க. க-வ 3லருந்து 4க்கு ஏத்துனா ஹரிகாம்போதி, மிக்ஸோலிடியன். அதுலயே நி-யையும் 4க்கு ஏத்துனா சங்கராபரணம், அது ஐயோனியன். அப்புறம் மூணாவது கம்பிய ஓப்பன்ல விடாம முதல் ஃபிரெட்ல அமுக்குனா கல்யாணி, லிடியன். திரும்ப கரகரப்ரியாவுக்கே வந்து த-வ 2லருந்து 1க்கு இறக்குனா நடபைரவி, ஏயோலியன், கூடவே ரி-யும் 1க்கு இறங்குனா தோடி, ஃப்ரிஜியன். மிச்சம் லோக்ரியன். அதுல ப-வே கிடையாது, ஓப்பன் கம்பியில ப ரெண்டு இடத்துல கிடக்கறதால இந்த ட்யூனிங்ல அது ஒட்டாது, கடைசியா பாத்துக்கலாம். கல்யாணி வாசிக்கும்போது மட்டும் மூணாவது ஓப்பன்ல கை பட்டுறாம பாத்துக்கங்க, கல்யாணியில இல்லாத சுத்த மத்யமம் வந்து நிக்கும்.

ஒண்ணு சொல்லணும், ஸ்கேல் வந்துட்டா ராகம் வந்துட்டதா ஆகாது. தோடியோட க-வ ஃபிரெட்ல நேரா அமுக்குனா ஃப்ரிஜியன்தான் கேக்கும், கம்பிய இழுத்து அசைச்சாதான் தோடி.

இதுல எங்கயாவது எந்தக் கைன்னு கேள்வி வந்துச்சா? வராது. டேப்பும் (கம்பிக்கு ஒரு கோடு போட்டு ஃபிரெட் நம்பர் எழுதுற முறை) அப்படித்தான், ஒண்ணாவது கம்பின்னா மெல்லிசு, அது எந்தக் கைக்கும் மாறாது. கார்டு (சேந்து ஒலிக்கிற சுரக்கூட்டு) கட்டப் படம் மட்டுந்தான் கண்ணாடியில பாக்குற மாதிரி திருப்பணும். வலது கை வாத்தியார் எதிர்ல உக்காந்தா உங்களுக்கு கண்ணாடியே அவருதான், அது நமக்கு லாபம்.

நானும் இடக்கைதான். மொத கிட்டார் வாங்குன கடையில வலது கை கிட்டார்ல கம்பிய மட்டும் திருப்பி மாட்டிக் குடுத்துட்டாங்க. நட்-ல (கழுத்து நுனியில கம்பி உக்காருற பள்ளக் கட்டை) மெல்லிசுக் கம்பி அகலப் பள்ளத்துல ஆடுது, தடிக் கம்பி ஒடுக்கப் பள்ளத்துல உக்காராம மேலயே நிக்குது, சேடில் (கீழ கம்பியத் தாங்குற கட்டை) சாய்வும் தலைகீழ், அதனால ஓப்பன்ல சுருதி சேரும், மேல போகப் போக விலகும். ஆறு மாசம் என் காதுதான் சரியில்லன்னு அழுதுருக்கேன். உங்களோடத பாத்துருங்க: 12வது ஃபிரெட் மேல விரல் லேசா தொட்டு ஹார்மானிக்ஸ் எடுங்க, அப்புறம் அதே ஃபிரெட்ட அமுக்கி வாசிங்க, ரெண்டும் ஒண்ணா கேக்கணும்.

கேள்வி: கீழக்கரையில வீடு கடலப் பாத்த மாதிரி இருக்கு, புதுக் கம்பி ஒரு மாசம் தாங்க மாட்டேங்குது. டாட்காட் வச்சா கம்பி லூஸாகி கிர்ருன்னும் கேக்குது. என்ன பண்ண?

பதில்: உப்புக் காத்துங்க. கச்சான் காத்து அடிக்கிற மாசத்துல என் வீட்லயும் ஒண்ணாவது ரெண்டாவது ரெண்டும்தான் மொதல்ல செந்துரு ஏறும், அது மேல வேற கம்பி சுத்தாத வெறும் இரும்புக் கம்பி. வாசிச்சு முடிச்ச ஒடனே காஞ்ச காட்டன் துணிய கம்பிக்கு அடியில விட்டு தொடைங்க, செவுத்துல மாட்டாம பெட்டிக்குள்ள வைங்க, அடுத்த தடவ கோட்டட் கம்பி (மேல பூச்சு போட்டது) வாங்குங்க, வெல கூடத்தான், ஆனா இங்க அது காசுக்கு மோசமில்ல. லூஸுக்கு காரணம், ரெண்டு ஃபிரெட் இறக்குனா இழுப்பு அஞ்சுல ஒரு பங்கு கொறஞ்சுரும். 10 கேஜ் (கம்பியோட தடிமன்) போட்டுருந்தீங்கன்னா தடிச்ச 12க்கு மாறுங்க.