பழைய காருக்குப் புது கார்புரேட்டர் வாங்கலாமா?

கே: 1960-களின் அம்பாசடர் வைத்திருக்கிறேன். எஸ்.யு. கார்புரேட்டர். ஐடிலிங்கில் நிற்காமல் அணைந்துவிடுகிறது. புது கார்புரேட்டர் வாங்கட்டுமா?
– வாசகர், காரைக்குடி

ப: வாங்காதீர்கள். பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்குத் தரும் கார்புரேட்டரைக் கடைசியாகத்தான் தொட வேண்டும். முதலில் டேப்பெட் (வால்வைத் திறக்கும் பாகம்), அப்புறம் பாயிண்ட் (தீப்பொறிக்கான மின் தொடர்பு முனை), அப்புறம் டைமிங் (தீப்பொறி விழும் நேரம்). உங்கள் 1489 சிசி எஞ்சினுக்கு டேப்பெட் இடைவெளி அங்குலத்தில் ஆயிரத்தில் 15 பங்கு. பாயிண்டுக்கு 14 முதல் 16. பாயிண்ட் தேயத் தேய டைமிங் நகரும், பழி கார்புரேட்டர் மேல் விழும். இவை சரியென்றால், எஞ்சின் சூடானதும் கார்புரேட்டர் பிஸ்டனை ஒரு மில்லிமீட்டருக்குள் மெல்லத் தூக்குங்கள். வேகம் ஏறி அப்படியே நின்றால் பெட்ரோல் அதிகம், திணறினால் குறைவு, லேசாக ஏறி அடங்கினால் சரி. டாஷ்பாட்டில் (அந்தப் பிஸ்டன் மேலுள்ள ஆயில் குழாய்) ஆயில் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

கே: பத்மினி காரின் சோலெக்ஸ் கார்புரேட்டருக்கு ரிப்பேர் கிட் மலிவாகக் கிடைத்தது. போட்டதிலிருந்து கரும்புகை. பில் வாங்கவில்லை.
– வாசகர், திருப்பூர்

ப: பில் இல்லாமல் கடைக்காரரிடம் எதைக் காட்டிக் கேட்பீர்கள்? இதை எத்தனை முறை எழுதுவது!

இப்படி ஒரு கிட்டில் என் பணமும் போயிருக்கிறது. பெட்ரோல் பாயும் சின்னத் துளையுள்ள ஜெட்டில் பொறித்த எண் பழையதோடு ஒத்துப்போனது, துளை மட்டும் பெரிது. மெயின் ஜெட்டில் 120 என்றிருந்தால் துளை 1.20 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். கொஞ்சம் கூடினாலே கலவை கெடும். ஜெட் பித்தளை என்பதால் கம்பியால் குத்தினாலும் துளை அகன்றுவிடும். இது தெரிந்தும் கம்பியை எடுக்கிறார்கள், அப்புறம் புது ஜெட்டை நம் தலையில் கட்டுகிறார்கள். கம்பியோடு வருபவரிடம் காரைக் கொடுக்காதீர்கள். பழைய ஜெட்டைக் கழுவி, காற்றடித்து மறுபடி போடுங்கள். புகை நிற்கவில்லையென்றால் பெட்ரோல் வரத்தை அடைக்கும் நீடில் வால்வு ஒழுகுகிறதா பாருங்கள்.

கே: 20 சதவீத எத்தனால் பெட்ரோலுக்குப் பழைய ரப்பர் ஹோஸ் தாங்குமா?
– வாசகர், ஈரோடு

ப: தாங்காது. எத்தனால் தாங்கும் ஹோஸ் வாங்குங்கள், பெட்ரோல் பம்பின் டயஃப்ரமையும் (உள்ளே இருக்கும் சவ்வு) மாற்றுங்கள்.

கே: கார்புரேட்டர் ஓவர்ஹால் என்று 6,000 ரூபாய் வாங்கினார்கள். திறந்தால் அதே பழைய கேஸ்கட், அதே அழுக்கு. பில் இருக்கிறது.
– ஓய்வுபெற்ற ஆசிரியை, நாகர்கோவில்

ப: அம்மா, படிக்கவே மனம் கொதிக்கிறது. மறுபடி மூடும் முன் படம் எடுங்கள். வேறொரு மெக்கானிக்கிடம் நிலைமையை எழுதி வாங்குங்கள். பணத்தைத் திருப்பிக் கேட்டுக் கடைக்கு ஸ்பீட் போஸ்டில் கடிதம் அனுப்புங்கள், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-லும் புகார் பதியுங்கள். பலனில்லையென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணமில்லை, வக்கீல் கட்டாயமில்லை, மனு போட 2 ஆண்டு அவகாசம் உண்டு. மனு எழுதுவதில் சந்தேகம் வந்தால் எனக்கு எழுதுங்கள்.