டெண்டர் வேலையில் பேரம்: உங்கள் கேள்விகள், என் பதில்கள்

டெண்டர், ப்ரொபோசல் தயாரிக்கிறவர்கள் பேரம் பேசுவதைப் பற்றிக் கேட்டிருந்தவற்றில் சிலவற்றை எடுத்துக்கொண்டிருக்கிறேன். கிளையன்டிடம் பேசுவதைவிடச் சொந்த ஆபீஸ் ஆட்களோடு மல்லுக்கட்டுவதைப் பற்றித்தான் அதிகம் கேட்டிருக்கிறீர்கள். எனக்கு அதில் ஆச்சரியமில்லை.

கேள்வி: சார், விலை பேசுவது சேல்ஸ் ஆட்களின் வேலை. நான் ஆவணங்களைத் தொகுத்து அனுப்புகிறவன். எனக்கு எதற்குப் பேரம்?

நேற்று ஒரு நாளில் யார் யாரிடம் என்னென்ன கேட்டீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். ஒருவரிடம் எழுத்து, ஒருவரிடம் செலவுக் கணக்கு, ஒருவரிடம் கையெழுத்து, இன்னொருவரிடம் அவருடைய ஆளை இரண்டு நாளுக்குக் கடன். இவர்களில் யாரும் உங்களுக்குக் கீழே வேலை செய்பவர் இல்லை. உத்தரவு போட அதிகாரம் கிடையாது, கடைசித் தேதி மட்டும் உங்கள் தலையில். சேல்ஸ்காரருக்காவது விட்டுக்கொடுக்க டிஸ்கவுண்ட் என்று ஒன்று கையில் இருக்கிறது. உங்களுக்கு அதுவும் இல்லை. பேரத்தில் இதுதான் கஷ்டமான வகை.

கேள்வி: தொழில்நுட்பப் பகுதியை எழுதித் தர வேண்டிய சீனியர், கேட்கும்போதெல்லாம் "பார்க்கிறேன்" என்கிறார். கடைசி நாள் இரவுதான் ஏதோ வருகிறது. என்ன செய்வது?

நீங்கள் அனுப்பிய மெயிலை இணைத்திருந்தீர்கள்: "பகுதி 4-ஐ வெள்ளிக்கிழமைக்குள் அனுப்பவும். அவசரம்." அவர் இடத்தில் இருந்து படியுங்கள். அவருடைய சொந்த வேலை அப்படியே கிடக்கிறது. இது யாருக்கு அவசரம், எவ்வளவு நேரம் பிடிக்கும், எழுதாவிட்டால் என்ன ஆகும், எதுவும் அதில் இல்லை.

காரணம் சொல்லிக் கேட்பதைப் பற்றி ஒரு பழைய ஆய்வு உண்டு. எலன் லாங்கர் என்ற உளவியலாளரும் உடன் இருந்தவர்களும் 1978-இல் வெளியிட்டது. ஜெராக்ஸ் எடுக்கப் போனவரிடம், "எனக்கு முதலில் எடுக்க விடுவீர்களா?" என்று கேட்டார்கள். 5 பக்கம்தான் என்றபோது, காரணமே சொல்லாவிட்டாலும் 60 சதவீதம் பேர் விட்டார்கள். "காப்பி எடுக்க வேண்டியிருக்கிறது" என்ற ஒப்புக்குச் சொன்ன காரணத்துக்கே 93 சதவீதம் பேர் விட்டார்கள். பேச்சுப் பயிற்சி தருகிறவர்கள் இதோடு கதையை முடித்துவிடுவார்கள். மீதிப் பாதிதான் நமக்கு வேண்டியது. 20 பக்கம் என்றபோது அந்த ஒப்புக்காரணம் எடுபடவில்லை. காரணம் சொல்லாதபோது எவ்வளவோ அதே 24 சதவீதம்தான். "அவசரமாகப் போக வேண்டும்" என்ற உண்மைக் காரணத்துக்கு 42 ஆனது. நீங்கள் சீனியரிடம் கேட்பது 20 பக்க உதவி. "அவசரம்" என்ற ஒற்றைச் சொல் அங்கே செல்லாது.

நான் இப்படி எழுதுவேன்: "மதிப்பீட்டில் 100-க்கு 30 மதிப்பெண் பகுதி 4-க்கு. போன ப்ரொபோசலில் நீங்கள் எழுதியதை வைத்து ஒரு வரைவு போட்டிருக்கிறேன், சில இடங்களில் எனக்கே சந்தேகம். தப்பை மட்டும் திருத்தினால் போதும். இல்லையென்றால் புதன் மாலை அரை மணி நேரம் போனில் சொல்லுங்கள், நான் எழுதிக்கொள்கிறேன். எது வசதி?" வெறும் தாளைக் கொடுத்தால் யாருக்கும் எழுத மனசு வராது. தன் துறையைப் பற்றி ஒருவர் தப்பாக எழுதி வைத்திருப்பதைப் பார்த்தால் நிபுணரால் சும்மா இருக்க முடியாது. இது தந்திரம் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள், அவருக்கும் வேலை குறைகிறது.

கேள்வி: நான் எப்போதும் இரண்டு நாள் முன்னதாகப் பொய்த் தேதி சொல்வேன். இப்போது யாரும் நம்புவதில்லை அண்ணா.

நம்ப மாட்டார்கள். இனி இரண்டு தேதியையும் சொல்லிவிடுங்கள்: சமர்ப்பிக்கும் நாள் இது, உங்கள் பகுதி எனக்கு வேண்டிய நாள் இது, நடுவில் விலை சரிபார்ப்பு, நிர்வாகத்தின் ஒப்புதல், பதிவேற்றம் இருக்கிறது. காரணம் தெரிந்த தேதியை ஆட்கள் மதிப்பார்கள்.

கேள்வி: கிளையன்ட் 10 சதவீதம் குறைக்கச் சொல்கிறார். எங்கள் மேலாளர் "ஆர்டர் போய்விடும், குறைத்துவிடு" என்கிறார். நான் என்ன சொல்வது?

முதலில் மேலாளரிடம் கணக்கைக் காட்டுங்கள். விலை 100, அடக்கம் 80, லாபம் 20 என்று வைத்துக்கொள்வோம். 10 குறைத்தால் விலையில் போவது பத்தில் ஒரு பங்குதான், லாபத்தில் பாதி போய்விடுகிறது. பழைய லாபம் கிடைக்க இதே போல இரண்டு வேலை செய்ய வேண்டும். "10 சதவீதம்" என்று கேட்கும்போது லேசாகத் தெரிகிற விஷயம், "லாபத்தில் பாதி" என்றால் அறையில் எல்லோரும் நிமிர்ந்து உட்காருவார்கள்.

அடுத்து, கிளையன்ட் எதை எதோடு ஒப்பிட்டு அதிகம் என்கிறார் என்று கேளுங்கள். சில நேரம் போட்டியாளர் விலையில் பராமரிப்பே சேர்ந்திருக்காது. சில நேரம் அவருடைய பட்ஜெட்டே அவ்வளவுதான். முதலாவதற்கு விளக்கம் போதும், இரண்டாவதற்கு வேலையின் அளவைக் குறைக்க வேண்டும். விலையை மட்டும் குறைத்து அதே வேலையைச் செய்கிறேன் என்றால், முதலில் சொன்ன விலை சும்மா ஏற்றி வைத்தது என்று நீங்களே சாட்சி சொன்ன மாதிரி.

குறைத்தே ஆக வேண்டும் என்றால் வெறுங்கையோடு திரும்பாதீர்கள். "30 நாளில் பணம் வருவதாக இருந்தால் 2 சதவீதம் பார்க்கலாம்." "ஒரு வருடத்துக்குப் பதில் மூன்று வருட ஒப்பந்தம் என்றால் இன்னும் கொஞ்சம் பேசலாம்." நிபந்தனை முதலில், சலுகை அப்புறம். மாற்றிச் சொன்னால் சலுகையை வாங்கிக்கொண்டு நிபந்தனையை மறந்துவிடுவார்கள். அளவும் முக்கியம். 3, அப்புறம் 1, அப்புறம் அரை என்று சுருங்கினால் அடித்தட்டு நெருங்கிவிட்டது என்று அவருக்குப் புரியும். 2, 2, 2 என்று போனால் நாளைக்கும் கேட்பார். அதில் அவர் தப்பு என்ன இருக்கிறது?

கேள்வி: லீகல் டீம் எல்லாவற்றுக்கும் "முடியாது" என்கிறது. இப்போது வரம்பில்லாத நஷ்டஈட்டு நிபந்தனையில் சிக்கி நிற்கிறோம்.

"முடியாது" என்ற பதிலோடு வெளியே வராமல், "எப்படி இருந்தால் முடியும்?" என்று கேளுங்கள். அவர்கள் பயம் பெரும்பாலும் குறிப்பானது: ஒரு சின்ன ஒப்பந்தத்துக்காகக் கம்பெனியே மூழ்கக்கூடாது. பொறுப்புக்கு ஒப்பந்தத் தொகை அளவில் உச்சவரம்பு, கிளையன்டின் வியாபார நஷ்டம் போன்ற மறைமுக இழப்புகளுக்கு விலக்கு, காப்பீடு எடுக்கக்கூடிய அபாயத்துக்குக் காப்பீடு என்று ஏதாவது ஒரு வழி கிடைக்கும்.

ஆனால் இதை எப்போது பேசுகிறீர்கள் என்பதுதான் பெரிய விஷயம். டெண்டரில் சந்தேகங்களைக் கேட்க ஒரு காலக்கெடு கொடுத்திருப்பார்கள். அதற்குள் கேட்டால் அது கேள்வி. அது முடிந்தபின் ப்ரொபோசலில் எழுதினால் அது நிபந்தனை. நிபந்தனை போட்டு வருகிறவர்களை அப்படியே தள்ளிவிடுகிற டெண்டர்களும் உண்டு. அதனால் ஆவணம் வந்த அன்றே ஒப்பந்தப் பக்கங்களை லீகலுக்கு அனுப்புங்கள்.

கேள்வி: துணை ஒப்பந்ததாரர் எங்களோடு சேர்ந்து டெண்டர் போட்டார். வேலை கிடைத்ததும் விலையை ஏற்றிவிட்டார்.

ஏற்றத்தான் செய்வார். சமர்ப்பிக்கும் வரை அவருக்கு உங்கள் தயவு வேண்டும். சமர்ப்பித்த நிமிடமே உங்கள் விலை பூட்டப்பட்டுவிட்டது, அது அவருக்கும் தெரியும். அதனால் வேலைப் பங்கு, விலை, கட்டணம் தரும் நாள் எல்லாம் அனுப்புவதற்கு முன்பே எழுத்தில் வர வேண்டும். உங்கள் விலை 90 நாள் செல்லுபடியாக வேண்டும் என்றால் அவர் விலை அதைவிடக் கூடுதல் நாள் நிற்க வேண்டும். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, கிளையன்ட் உங்களிடம் கேட்பதைத்தான் நீங்கள் அவரிடம் கேட்கிறீர்கள்.

கேள்வி: உள் மீட்டிங்கில் விலையை யாராவது "சும்மா ஒரு தோராயம்" என்று சொன்னால், கடைசிவரை அதுவே ஒட்டிக்கொள்கிறது. ஏன்?

மனம் அப்படித்தான். ட்வெர்ஸ்கி, கானமன் என்ற உளவியலாளர்கள் இருவரும் 1974-இல் எழுதிய கட்டுரையில் ஒரு சோதனை வருகிறது. ஒரு சக்கரத்தைச் சுழற்றிவிட்டு, ஐ.நா.வில் ஆப்பிரிக்க நாடுகள் எத்தனை சதவீதம் என்று கேட்டார்கள். சக்கரம் 10-இல் நின்றவர்கள் சொன்னதன் இடைநிலை 25. 65-இல் நின்றவர்கள் சொன்னதன் இடைநிலை 45. சக்கரத்துக்கும் கேள்விக்கும் சம்பந்தமே இல்லை. செலவுக் கணக்கு வருவதற்கு முன் மீட்டிங்கில் விலை பேச்சு எடுத்தால், "செவ்வாய்க்கிழமை கணக்கு வருகிறது, அதை வைத்துப் பேசலாம்" என்று அங்கேயே நிறுத்துங்கள்.

கேள்வி: ஜெயிக்கவே முடியாத டெண்டரைப் போடச் சொல்கிறார்கள். வேண்டாம் என்று எப்படிச் சொல்வது?

வேண்டாம் என்று சொல்லாதீர்கள், சோம்பேறி என்று பெயர் வரும். "போடலாம் சார். இதற்கு அந்த இன்னொரு டெண்டரிலிருந்து இரண்டு பேரை எடுக்க வேண்டியிருக்கும். யாரை எடுக்கட்டும்?" என்று கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள். அப்படியும் போடு என்றால் போடுங்கள். இரண்டு பெயரையும் மெயிலில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.