பிள்ளைகளுக்கு எழுதிய இசை

அன்புள்ள சார்,

நீங்கள் முன்பு எழுதியதைப் படித்துவிட்டு பிரெஞ்சு இசையமைப்பாளர் தாரியுஸ் மியோவின் 'ஸ்வித் ஃப்ரான்சேஸ்' (பிரெஞ்சு இசைத் தொகுப்பு) கேட்டேன். பிடித்திருந்தது. ஆனால் அமெரிக்கப் பள்ளி பேண்டுகளுக்காக எழுதியது என்று பிறகு தெரிந்தபோது கொஞ்சம் ஏமாற்றம். பிரெஞ்சு நாட்டுப்பாடல்களை எடுத்துக் கோத்திருக்கிறார், அவ்வளவுதானே? அந்த மூலப் பாடல்கள் தெரிந்தால்தான் ரசிக்க முடியுமா? எந்தப் பதிவைக் கேட்கலாம்?

எஸ்.

அன்புள்ள எஸ்,

மூலப் பாடல்கள் தெரிய வேண்டியதில்லை. 'அவ்வளவுதானே' என்பதை விட்டுவிடுகிறேன். இன்னும் சில தடவை கேட்டால் நீங்களே விட்டுவிடுவீர்கள். கோபம் வந்தது 'ஏமாற்றம்' என்ற இடத்தில்தான். காதுக்குப் பிடித்த இசை, பிள்ளைகளுக்கானது என்று தெரிந்ததும் எப்படி ஐயா மட்டமாகிவிடும்?

நானும் பள்ளி பேண்டில் சைட் டிரம் அடித்தவன்தான். சுதந்திர தினத்துக்கும் விளையாட்டு விழாவுக்கும் ஒரே மார்ச். பசங்களுக்கு இது போதும் என்று யாரோ தள்ளிவிட்ட சரக்கு. அந்த எரிச்சல் இன்னும் போகவில்லை. அதனால்தான் மியோவை விட்டுக்கொடுக்க மாட்டேன்.

அவர் தென் பிரான்ஸில் உள்ள ப்ரொவான்ஸ் வட்டாரத்து யூதர். இரண்டாம் உலகப்போரில், 1940-இல் ஜெர்மானியர்கள் பிரான்ஸுக்குள் நுழைந்ததும் தப்பி, அமெரிக்காவில் கலிபோர்னியாவின் மில்ஸ் கல்லூரியில் ஆசிரியரானார். 1944-இல், பள்ளி பேண்டுகள் வாசிக்கிற மாதிரி ஒன்று வேண்டும் என்று ஒரு பதிப்பகம் கேட்டது. ஐந்து பகுதிகள் எழுதினார், ஒவ்வொன்றுக்கும் ஒரு பிரெஞ்சு வட்டாரத்தின் பெயர்: நார்மண்டி, பிரித்தானி, பாரிஸைச் சுற்றிய இல்-த-ஃப்ரான்ஸ், அல்சாஸ்-லொரேன், ப்ரொவான்ஸ். நேச நாட்டுப் படைகளும் பிரெஞ்சுத் தலைமறைவுப் போராளிகளும் போரிட்ட மண். தங்கள் அப்பாவும் அண்ணனும் சண்டையிட்ட ஊர்களின் பாட்டு அமெரிக்கப் பிள்ளைகள் காதில் விழ வேண்டும் என்பது அவர் எண்ணம்.

முதல் பகுதியில் வரும் 'ஜெர்மேன்' என்ற மெட்டு, போர் முடிந்து வீடு திரும்பும் வீரனைப் பற்றிய பாட்டு. யோசித்துப் பாருங்கள். அப்பாவை நார்மண்டிக்கு அனுப்பிவிட்டு இங்கே கிளாரினெட் ஊதுகிற பையனுக்கு வேறு எந்த மெட்டைக் கொடுப்பீர்கள்? வார்த்தை இல்லை, விளக்கம் இல்லை, துள்ளலான தாளம் மட்டும். மூலம் தெரிய வேண்டாம் என்று சொன்ன நானே சொல்லிவிட்டேன், போகட்டும்.

விரலுக்கு எளிதாக எழுதினாரே தவிர, காதுக்குச் சலுகை தரவில்லை. மெட்டு ஒரு சுருதியில் போக, அடியில் வேறொரு சுருதி வந்து உரசும். அது அவருடைய கையெழுத்து, பிள்ளைகளுக்காக அதை அழிக்கவில்லை. பிரித்தானியில் கடல்மூட்டத்துக்குள் இருந்து வருகிற மாதிரி கொம்பு வாத்தியங்கள். ப்ரொவான்ஸில் திடீரென்று எல்லாம் அடங்கி, சின்னக் குழலும் முரசும் மட்டும் கேட்கும். அந்த ஊர்த் திருவிழா வாத்தியங்கள் அவை. அவரைப் பெற்றவர்கள் இருவரும் அந்தப் போர்க்காலத்தில், அந்த மண்ணில்தான் இறந்தார்கள். மகன் கடலுக்கு அப்பால். ஆனாலும் அந்தப் பகுதியில் ஒரு துளி அழுகை கிடையாது, கவனித்தீர்களா?

பதிவு கேட்டிருந்தீர்கள். பின்னால் முழு ஆர்க்கெஸ்ட்ராவுக்கும் மாற்றி எழுதினார், அது இப்போது வேண்டாம். வயலின் இல்லாத, காற்று வாத்திய பேண்டு வாசித்ததைத் தேடுங்கள். எது கிடைத்தாலும் சரி, பள்ளிக்கூடப் பிள்ளைகள் வாசித்ததாக இருந்தால் இன்னும் நல்லது.