முதல் ஓவர்க்ளாக்: எதைத் தொடலாம், எதைத் தொடக் கூடாது?

கேள்வி: அண்ணா, ஐ5 12400எஃப், பி660 போர்டு, ஆர்டிஎக்ஸ் 3060 வச்சிருக்கேன். எதுல ஆரம்பிக்கலாம்?

பதில்: ஓவர்க்ளாக் என்றால் சிப்பை நிர்ணயித்த வேகத்துக்கு மேல் ஓட்டுவது. அதில் பிராசசரை விட்டுவிடுங்கள் தம்பி. இன்டெலில் பெயரில் 'கே' உள்ள சிப்பும் இசட் வரிசை போர்டும் சேர்ந்தால்தான் மல்டிப்ளையர், அதாவது வேகத்தைத் தீர்மானிக்கும் பெருக்கு எண், திறக்கும். முதலில் ரேம். பெட்டியில் 3200 என்று போட்டிருந்தாலும், பயாஸில் (கம்ப்யூட்டர் ஆன் ஆகும்போது திறக்கும் போர்டின் செட்டிங் பக்கம்) எக்ஸ்எம்பி என்ற ரேமின் வேக செட்டிங்கை ஆன் செய்யும்வரை பல ரேம் கிட்கள் 2133, 2400 என்றுதான் ஓடும். டாஸ்க் மேனேஜரில் மெமரி பக்கத்தைத் திறந்து பாருங்கள், வேகம் அங்கேயே தெரியும்.

கேள்வி: சரிண்ணா, கிராபிக்ஸ் கார்டை எவ்வளவு ஏத்தலாம்?

பதில்: உங்கள் கார்டு எவ்வளவு தாங்கும் என்று சோதித்துத்தான் சொல்ல முடியும். எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் என்ற மென்பொருளில் பவர் லிமிட்டை முழுக்க ஏற்றுங்கள், வோல்டேஜ் ஸ்லைடரைத் தொடாதீர்கள். கோர் கிளாக்கை (கார்டின் சிப் ஓடும் வேகம்) 30 மெகாஹெர்ட்ஸ் ஏற்றி, பத்து நிமிடம் பெஞ்ச்மார்க் என்ற வேகச் சோதனையை ஓட்டி, மறுபடி 30. திரையில் புள்ளி புள்ளியாக நிறம் சிதறினாலோ கேம் மூடிக்கொண்டாலோ ஒரு படி இறங்குங்கள். அது முடிந்த பிறகுதான் கார்டின் மெமரி, நூறு நூறு மெகாஹெர்ட்ஸாக. இரண்டையும் சேர்த்து ஏற்றினால் எது கவிழ்த்தது என்றே தெரியாது.

மெமரி ஒரு இடத்தில் ஏமாற்றும். சில கார்டுகள் பிழை வந்த தரவை மறுபடி அனுப்பிச் சமாளிக்கும். கிராஷ் ஆகாது, வேகம்தான் குறையும். அதனால் ஒவ்வொரு படியிலும் ஸ்கோரைக் குறித்து வையுங்கள். ஸ்கோர் இறங்கினால் முந்தைய படிக்குத் திரும்புங்கள். விண்டோஸ் திறக்கும்போதே செட்டிங் ஏறும் வசதியை இரண்டு மூன்று நாள் ஆடிப் பார்த்த பிறகு டிக் செய்யுங்கள்.

கேள்வி: என்கிட்ட ரைசன் 5600எக்ஸ் பிராசசர். 1.4 வோல்ட் கொடுத்து எல்லா கோரும் 4.7 கிகாஹெர்ட்ஸ்ல ஓடுது, சினிபெஞ்ச் டெஸ்ட்ல 93 டிகிரி. பரவாயில்லையா?

பதில்: வேண்டாம், இன்றே இறக்குங்கள். அந்தச் சிப்பின் உச்சவரம்பே 95. வெப்பம் கிளாக்கோடு நேராக ஏறும், வோல்டேஜோடு அதன் வர்க்கமாக ஏறும். 1.25-லிருந்து 1.4-க்குப் போனால் அதே கிளாக்கில் ஏறக்குறைய 25 சதவீதம் கூடுதல் சூடு. நாளடைவில் சிப்பைத் தேய்ப்பதும் இந்த வோல்டேஜும் சூடும்தான். பயாஸில் பிபிஓ (ஏஎம்டியின் தானியங்கி பூஸ்ட் செட்டிங்) போய், ஒவ்வொரு கோரின் வோல்டேஜையும் கூட்டிக் குறைக்கும் கர்வ் ஆப்டிமைசரில் எல்லாக் கோருக்கும் நெகட்டிவ் 10 வையுங்கள். வோல்டேஜ் குறையும், அந்த இடைவெளியில் சிப் தானே பூஸ்ட் ஏற்றிக்கொள்ளும்.

சினிபெஞ்ச் தாண்டிவிட்டு, சும்மா இருக்கும்போது ரீஸ்டார்ட் ஆனால் மைனஸ் அதிகமாகிவிட்டது என்று அர்த்தம். விண்டோஸின் ஈவென்ட் வியூவரில் 'வீயா லாகர்' (ஹார்டுவேர் பிழைப் பதிவு) பிழையைத் திறந்தால் ஏபிஐசி ஐடி என்ற எண் இருக்கும். அது எந்தக் கோர் என்று காட்டும். அதற்கு மட்டும் நெகட்டிவ் 5 வையுங்கள்.

கேள்வி: ரேம் ஸ்பீடு மாத்தி சேவ் பண்ணேன், டிஸ்ப்ளேவே வரல. போர்டு போயிடுச்சா சார்?

பதில்: பயப்படாதீர்கள், பெரும்பாலும் செட்டிங் ஏற்காததுதான். டிடிஆர்5 வகை ரேம் என்றால் முதல் முறை ஆன் செய்யும்போது சில நிமிடம் கறுப்புத் திரை வருவது சகஜம், பொறுங்கள். அப்படியும் வராவிட்டால் கரண்ட் வயரைப் பிடுங்கி, பவர் பட்டனைப் பத்து விநாடி அழுத்தி, போர்டிலுள்ள நாணய பேட்டரியை ஐந்து நிமிடம் கழற்றி வையுங்கள். எல்லாம் பழைய நிலைக்குத் திரும்பும். எக்ஸ்எம்பியும் போய்விடும், மறுபடி ஆன் செய்ய வேண்டும். அடுத்த முறை மாற்றுவதற்கு முன் பயாஸ் பக்கங்களை மொபைலில் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.