கடைசிக் கண்டத்துக்குத் தண்ணீர்

அன்புள்ள ஐயா,

கிழக்குப் பல்கலைக்கழகத்தில் அரசியல் விஞ்ஞானம் படிக்கிறேன். ஜனநாயக முறைகளை ஒப்பிட்டு ஒரு கட்டுரை எழுதவேண்டும். அமெரிக்கா மாதிரி ஜனாதிபதி முறையா, பிரித்தானியா மாதிரி பாராளுமன்ற முறையா, எது நன்றாக வேலை செய்கிறது? வாசிக்க வாசிக்கக் குழப்பம்தான் கூடுகிறது. நிறைவேற்று அதிகார ஜனாதிபதி முறையை ஒழித்தாலே நம் பிரச்சினை பாதி தீரும் என்கிறார்கள் நண்பர்கள். பலமான தலைவர் இல்லாவிட்டால் நாடு உருப்படாது என்கிறார் அப்பா. நீங்கள் எந்தப் பக்கம்?

க., களுவாஞ்சிகுடி

அன்புள்ள தம்பி க.,

ஜனாதிபதி முறை போகவேண்டும் என்பதுதான் என் எண்ணமும். ஆனால் அதோடு பாதி தீரும் என்ற கணக்கு எனக்குச் சரிவரவில்லை.

முதலில் அப்பாவுக்கு. 2021 மே மாதம் ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ஷ எடுத்த முடிவின்படி இரசாயனப் பசளை இறக்குமதியை ஒரு வர்த்தமானி நிறுத்தியது. நவம்பரில் தடையைத் தளர்த்தினார்கள், ஆனால் பெரும்போகத்துக்கு அது பிந்திவிட்டது. தம்பிலுவில் பக்கம் வரம்பில் நின்று பார்த்தேன். முழங்கால் உயரத்துக்குப் பச்சை கட்டி நிற்கவேண்டிய வேளாண்மை, வெளிறி, தூர் கட்டாமல், இடையில் மண் தெரிய நின்றது. பலமான தலைவர் வேண்டும் என்று கேட்டவர்களின் வயலும் அதற்குள்தான் இருந்தது.

அடுத்த வருடத்தையும் பாருங்கள். 2022 செப்டெம்பர் 23ஆம் திகதி பிரித்தானியாவில் ஒரு பிழையான வரித்திட்டம் வந்தது. சந்தை ஆட்டம் கண்டது. ஒக்டோபர் 20ஆம் திகதி பிரதமர் லிஸ் ட்ரஸ் விலகுவதாக அறிவித்தார். சொந்தக் கட்சியே கைவிட்டால் அங்கே பிரதமருக்கு இருக்கை இல்லை. இங்கே அதே ஆண்டில் மார்ச் கடைசியில் தொடங்கிய போராட்டம் ஜூலை 9ஆம் திகதி ஜனாதிபதி மாளிகைக்குள் போகும்வரை ஜனாதிபதி பதவியை விட்டு அசையவில்லை. பதவிக்காலம் முடியுமுன் ஜனாதிபதியை நீக்கப் பாராளுமன்றத்தில் மூன்றில் இரண்டு பங்கு வேண்டும், உயர் நீதிமன்ற விசாரணையும் வேண்டும். இந்த ஒரு காரணத்துக்காகவே நான் உங்கள் நண்பர்களின் பக்கம்.

ஆனால் நண்பர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். 1956இல் தனிச்சிங்களச் சட்டம் வந்தபோது இங்கே இருந்தது பாராளுமன்ற முறைதான். கல்லோயாவில் தமிழர்கள் கொல்லப்பட்டதும் அதே ஆண்டு. 1977இல் ஐக்கிய தேசியக் கட்சி பாதிக்குச் சற்றே கூடிய வாக்கில் 168 ஆசனங்களில் 140ஐ அள்ளியது. கிட்டத்தட்ட 30 வீத வாக்கெடுத்த சுதந்திரக் கட்சிக்கு 8 ஆசனம்தான். அந்த 140 பேரின் பலத்தில்தான் 1978 அரசியலமைப்பு வந்தது. நிறைவேற்று ஜனாதிபதியைப் பெற்றெடுத்ததே பாராளுமன்றம்தான், தம்பி.

அதனால் நான் பார்ப்பது வேறு இடத்தை: வாக்கு எப்படி ஆசனமாகிறது? அம்பாறை மாவட்டத்தில் தமிழர்களாகிய நாம் ஆறில் ஒரு பங்கு. எந்த முறையையும் இந்த ஆறில் ஒன்றை வைத்துத்தான் நான் உரசிப் பார்ப்பேன்.

பழைய தொகுதி முறையில் பொத்துவிலுக்கும் மட்டக்களப்புக்கும் இரண்டு அங்கத்தவர்கள். சேர்ந்து வாழும் சமூகங்கள் இரண்டுக்கும் ஆளுக்கொரு குரல் கிடைக்கட்டும் என்ற எண்ணத்தில் வைத்த ஏற்பாடு அது. 1977இல் பொத்துவிலில் ஒரு முஸ்லிமும் ஒரு தமிழரும் தெரிவானார்கள். விகிதாசார முறையில் அது போய், முழு மாவட்டத்துக்கும் 7 ஆசனம் என்றானது. 2020 ஓகஸ்டில் முடிவு வந்த இரவு தேத்தண்ணிக் கடையில் இருந்தேன். தமிழ் வாக்கு இரண்டு கட்சிகளுக்குப் பிரிந்து, கூட்டினால் ஐம்பதாயிரத்துக்கு மேல். ஆசனம் ஒன்றுமில்லை. தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு, நாடு முழுவதும் எடுத்த வாக்குக்காகத் தனக்குக் கிடைத்த ஒரேயொரு தேசியப்பட்டியல் ஆசனத்தை அம்பாறைக்குத் தந்ததால்தான் ஒருவர் போனார். பிரிந்து நின்றது நம் பிழை, மறுக்கமாட்டேன். ஆனாலும் அத்தனை பேரின் குரல் யாரோ மனமிரங்கித் தரும் ஆசனத்தில் தொங்கக்கூடாது.

ஜேர்மனியில் 5 வீதத்துக்குக் குறைந்த கட்சிக்குப் பொதுவாக இடமில்லை. தேசிய சிறுபான்மையினரின் கட்சிக்கு மட்டும் அந்தத் தடை கிடையாது. அதனால் 2021இல் டேனிய, ஃப்ரீசியச் சிறுபான்மையினரின் கட்சி 55 ஆயிரத்துச் சொச்சம் வாக்கில் ஓர் ஆசனம் எடுத்தது. நம் ஐம்பதாயிரத்தை இதற்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இது யாரும் இரங்கிக் கொடுத்ததல்ல, சட்டத்தில் எழுதியிருக்கிறது. கட்டுரையில் இதை மட்டுமாவது விடாதீர்கள்.

அப்புறம் மாகாண சபை. கிழக்கில் கடைசித் தேர்தல் 2012இல். 2017இல் காலம் முடிந்தது, அதற்குப் பிறகு ஜனாதிபதி நியமிக்கும் ஆளுநர்தான். பக்கத்தில் இருந்த கதவு இத்தனை வருடமாகப் பூட்டிக் கிடக்கும்போது கொழும்பில் எந்த முறை என்று வாதாடுவது எனக்கு மனவருத்தமாக இருக்கிறது.

நேரமிருந்தால் அடுத்த பெரும்போகத்துக்கான ஆரம்பக் கூட்டத்துக்கு இந்தப் பக்கம் வாருங்கள். விதைப்புத் திகதி, தண்ணீர் திறக்கும் திகதி எல்லாம் விவசாயிகள் கூடித்தான் முடிவெடுப்பார்கள். வாய்க்காலின் தொடக்கத்தில் வயல் உள்ள மேல்கண்டத்துக்காரர் பேசி முடித்தபின், வாய்க்காலின் கடைசிக் கண்டத்துக்காரர் எழும்புவார். அவர் சொல்வதை யார் குறித்துக்கொள்கிறார்கள், தண்ணீர்ப் பங்கீட்டைப் பார்க்கும் வட்டவிதானை அவருக்கு என்ன பதில் சொல்கிறார் என்று பார்த்துவிட்டுப் போய் கட்டுரையைத் தொடங்குங்கள்.